படத்தில் இல்லாத தாய்

பூப்போட்ட படுக்கை விரிப்பு. அதன்மேல் ஆறு லாப்ரடார் குட்டிகள். ஒன்று கேமராவைப் பார்க்கிறது. இன்னொன்று பக்கத்தில் கிடப்பதன் காதைக் கடிக்கிறது. மற்றவை ஒன்றன்மேல் ஒன்று தலைவைத்துத் தூங்குகின்றன. படத்துக்குக் கீழே நாலு வரி: ‘லாப் குட்டிகள். 35 நாள். ஹெவி போன். ஆண் 12 ஆயிரம், பெண் 10 ஆயிரம். பூச்சி மருந்து கொடுத்தாச்சு. டெலிவரி உண்டு. நிஜமா வாங்குறவங்க மட்டும் கூப்பிடவும்.’

இணைய வரி விளம்பரங்களைப் புரட்டும் யாரும் இப்படி ஒன்றைத் தாண்டாமல் போக முடியாது. பழைய பைக், தேக்குக் கட்டில், ஆறு மாதமே ஓடிய வாஷிங் மெஷின் ஆகியவற்றுக்கு நடுவே குட்டிகளும் இருக்கும். வாட்ஸ்அப் குழுக்களில் வரும். இன்ஸ்டாகிராமில் பாட்டுப் போட்டு ஓடும். வீட்டிலிருக்கும் பிள்ளை போனைப் பிடுங்கி, ‘அப்பா, இது வேணும்’ என்றால் அன்றிரவே பேரம் தொடங்கிவிடும்.

இந்தப் படங்களைப் பொறுமையாக, ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தால் ஒரு குறை கண்ணில் படும். பெரும்பாலானவற்றில் தாய் நாய் இல்லை. 35 நாள் குட்டி பால்குடி மறக்காத குட்டி. அதன் தாய் கூப்பிடு தூரத்தில் இருந்தாக வேண்டும். ஆனால் படம் எடுப்பவர் அதை ஒதுக்கிவிட்டுத்தான் எடுக்கிறார்.

ஏன் ஒதுக்குகிறார் என்பதற்கு விடை சில நேரம் எளிது. அடுத்தடுத்து ஈன்ற பெண் நாயின் மடி தொங்கியிருக்கும், விலா எலும்பு தெரியும், முடி கொட்டியிருக்கும். அது படத்தில் வந்தால் விலை இறங்கும். சில நேரம் தாய் அந்த வீட்டிலேயே இருப்பதில்லை. எங்கோ ஒரு ஷெட்டில் பிறந்த குட்டிகளைக் கூடையில் வாங்கிவந்து, தன் வீட்டில் பிறந்ததுபோல் விற்கும் இடைத்தரகர் அவர். படுக்கை விரிப்பு மட்டும்தான் அவருடையது.

பெருக்கல் கணக்கு

இந்த வியாபாரத்துக்குள் வருகிறவர்கள் எல்லோரும் கொடியவர்கள் என்று சொல்வது நியாயமாகாது. பலர் நாயை ஆசையாக வளர்த்தவர்கள். முதல் ஹீட், அதாவது சினைப்பருவம், வந்ததும் யாராவது சொல்வார்கள், ‘ஒரு தடவையாவது குட்டி போடணும், இல்லேன்னா பொட்டை நாய்க்கு உடம்புக்கு ஆகாது’ என்று. இந்த நம்பிக்கைக்கு மருத்துவ ஆதாரம் எதுவும் கிடையாது. கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்குத்தான் கருப்பையில் சீழ் கட்டும் ‘பயோமெட்ரா’ என்ற ஆபத்தான நோய் வருகிறது. மடியில் கட்டி வரும் வாய்ப்பும் அவற்றுக்குத்தான் அதிகம். ஒரு முறை ஈன்றுவிட்டால் இவை வராது என்பது வெறும் பேச்சு.

அடுத்து கணக்கு வரும். நாயின் சினைக்காலம் சுமார் 63 நாள். லாப்ரடார் போன்ற பெரிய இனம் ஒரே ஈற்றில் ஏழெட்டுக் குட்டி போடும். குட்டிக்கு 10,000 என்று பெருக்கினால் 80,000. ஆண் நாய்க்காரருக்குப் பணமாகவோ ஒரு குட்டியாகவோ கொடுத்துவிட்டால் மிச்சம் கைக்கு. மாதச் சம்பளக்காரரின் காதில் இந்தத் தொகை இனிக்கத்தான் செய்யும்.

இந்தப் பெருக்கலில் விட்டுப்போகும் வரிகள் பல. ஈனும்போது சிக்கலானால் நள்ளிரவில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டிவரும். புல்டாக், பிரெஞ்ச் புல்டாக், பாஸ்டன் டெரியர் ஆகிய மூன்று இனங்களிலும் 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட ஈற்றுகள் அறுவை சிகிச்சையால்தான் நடந்தன என்று பிரிட்டனில் 2010-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. பெரிய தலை, குறுகிய இடுப்பு என்று மனிதர்கள் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய உடல் அது. அதனால் இயல்பாக ஈன முடிவதில்லை. தாய்க்குச் சத்துணவு, குட்டிகளுக்குத் தடுப்பூசி, இடுப்பு மூட்டுக் கோளாறு இருக்கிறதா என்று பெற்றோருக்கு எக்ஸ்ரே. இதையெல்லாம் முறையாகச் செய்தால் அந்த 80,000-த்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். லாபம் வேண்டுமென்றால் இவற்றில் ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும். அப்படி வெட்டுகிறவர்களின் குட்டிதான் விளம்பரத்தில் மலிவாகக் கிடைக்கிறது.

35 நாள் என்பது ஏன்?

இந்த விளம்பரங்களில் 30 நாள், 35 நாள், 40 நாள் என்ற எண்கள் அடிக்கடி வரும். அந்த வயதில் குட்டி பஞ்சுப் பொதிபோல் இருக்கும், தடுமாறி நடக்கும், பார்த்தவர் மனம் உடனே இளகும். விற்பவருக்கு வேறு காரணங்களும் உண்டு. குட்டி வளர வளர தீனிச் செலவு ஏறும், விலை இறங்கும். ஆறாவது வாரத்திலிருந்து தடுப்பூசி போட வேண்டும், அதற்கு முன் கைமாற்றிவிட்டால் ஊசிச் செலவு வாங்கியவர் தலையில்.

குட்டிக்கு இந்த அவசரம் பெரும் கேடு. தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் இருக்கும் முதல் எட்டு வாரம் அதற்குப் பள்ளிக்கூடம். எவ்வளவு அழுத்தமாகக் கடித்தால் மற்றது கத்தும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் அங்கேதான் கற்றுக்கொள்கிறது. அதற்கு முன் பிரித்தெடுத்த குட்டி வளர்ந்தபின் அளவுமீறிக் குரைப்பதும், கடிப்பதும், தனியே விட்டால் பதறுவதும் கூடுதலாக இருப்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. அப்புறம் ‘இந்த நாய் சரியில்லை’ என்று அதன்மேல் பழி விழும்.

இன்னொரு கேடு உடனடியாகவே வரும். எந்தக் கால்நடை மருத்துவமனையிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். இரும்பு மேசையில் விரித்த செய்தித்தாள். அதன்மேல் ஒரு கையளவுக் குட்டி. முன்னங்காலில் பிளாஸ்திரி சுற்றிய ஊசி, அதிலிருந்து குளுக்கோஸ் டியூப். வாலுக்குக் கீழே ரத்தமும் சளியும் கலந்த கழிச்சல். அந்த வாடையிலேயே மருத்துவருக்குப் புரிந்துவிடும். குட்டியைத் தூக்கிவந்த குடும்பம் சொல்வது ஒரே கதைதான்: ‘வாங்கி நாலு நாள்தான் டாக்டர் ஆகுது. வரும்போது நல்லா ஓடி விளையாடிட்டு இருந்துச்சு.’

அவர்கள் சொல்வது உண்மை. பார்வோ வைரஸ் உடலுக்குள் போனபின் அறிகுறி தெரியப் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாள் ஆகும். விற்ற வீட்டில் தொற்றியது, வாங்கிய வீட்டில் வெளிப்படுகிறது. 1978-ல் கண்டறியப்பட்டு, இரண்டே ஆண்டுகளில் உலகம் முழுக்கப் பரவிய இந்த வைரஸ், தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண சோப்புத் தண்ணீருக்கு அது மசியாது. குட்டி இறந்த துக்கம் ஆறுவதற்குள் இன்னொன்றை வாங்கிவந்தால் அதற்கும் அதே கதி நேரலாம். விற்றவரின் எண் அதற்குள் ‘ஸ்விட்ச் ஆஃப்’ ஆகியிருக்கும்.

முன்பணம் அனுப்பிவிட்டுக் குட்டியே வந்து சேராத ஏமாற்றும் உண்டு. யாரோ வெளிநாட்டுக்காரரின் படத்தைத் திருடிப்போட்டு, ‘இன்னும் மூணு பேர் கேட்டுட்டு இருக்காங்க, 2,000 போட்டு புக் பண்ணிடுங்க’ என்பார்கள். பிறகு வண்டி வாடகை, கூண்டு, இன்ஷூரன்ஸ் என்று கேட்டுக்கொண்டே போவார்கள்.

‘ஹட்ச் நாய்’ வந்த கதை

எந்த இனம் விளம்பரத்தில் நிறையும் என்பதைப் பல நேரம் திரைதான் முடிவுசெய்கிறது. 2003-ல் ஹட்ச் செல்பேசி நிறுவனத்தின் தொலைக்காட்சி விளம்பரத்தில் ஒரு சிறுவன் போகுமிடமெல்லாம் ஒரு பக் நாய் பின்னாலேயே ஓடியது. அதுவரை இந்தியாவில் அதிகம் பேர் அறியாத இனம் அது. பெயர் தெரியாதவர்கள்கூடக் கடையில் போய் ‘ஹட்ச் நாய் இருக்கா?’ என்று கேட்டார்கள். நிறுவனத்தின் பெயர் வோடஃபோன் என்று மாறியதும் நாயும் ‘வோடஃபோன் நாய்’ ஆனது. தேவை கூடியது, குட்டிகள் பெருகின. தட்டையான முகத்தால் அந்த இனத்துக்கு மூச்சுக்குழல் நெருக்கமாகிக் கிடக்கிறது என்பதைச் சொல்ல ஆளில்லை. சித்திரை வெயிலில் நாக்கு நீலம் பாரித்து, குறட்டைபோல் இழுத்து இழுத்து மூச்சுவிடும் பக் நாய்களை அதன்பின் சென்னை, மதுரைத் தெருக்களில் பார்க்க முடிந்தது.

அடுத்த அலை ஹஸ்கி. சைபீரியப் பனியில் வண்டி இழுக்கப் பிறந்த நாய், இரட்டை அடுக்கு ரோமத்தோடு அடுக்குமாடி பால்கனியில் கட்டிக்கிடக்கிறது.

நாட்டு இனங்களும் இதற்குத் தப்பவில்லை. 2005-ல் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய் அஞ்சல்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய பெயர்களைச் சொல்லி நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னார். நல்ல நோக்கம்தான். ஆனால் கிராக்கி ஏறும்போது, உறவு பார்க்காமல் இணைசேர்க்கும் வழக்கமும் ஏறிவிடும். வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு ஏற்கெனவே அறியப்பட்ட குறைபாடு. வெள்ளைவெளேர் நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் மட்டுமே பார்த்து இனம்பெருக்கினால் அந்தக் குறை அடுத்த தலைமுறைக்கும் இறங்கும். விளம்பரப் படத்தைப் பார்த்து ஒரு குட்டிக்குக் காது கேட்குமா என்று கண்டுபிடிக்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

விலங்குகளுக்கான சட்டத்தில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உண்டு. கலாக்ஷேத்ராவை உருவாக்கிய ருக்மிணி தேவி அருண்டேல் 1953-ல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அதன் தொடர்ச்சியாகத்தான் 1960-ல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962-ல் இந்திய விலங்குகள் நல வாரியம் அவர் தலைமையில் தொடங்கியபோது அதன் அலுவலகம் சென்னையில்தான் இருந்தது.

அந்தச் சட்டத்தின்கீழ் 2017 மே மாதம் மத்திய அரசு நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய விதிகளை அறிவித்தது. குட்டி ஈனவைத்து விற்கும் யாரும் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவுசெய்ய வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. பெண் நாய்க்குக் குறைந்தது 18 மாதம் ஆகியிருக்க வேண்டும், எட்டு வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. ஆண்டுக்கு ஒன்றுக்கு மேல் ஈற்று கூடாது. விற்கும் குட்டிக்கு மைக்ரோசிப் பொருத்த வேண்டும், யாருக்கு விற்றோம் என்று பதிவேடு வைக்க வேண்டும். இதெல்லாம் பெரிய பண்ணைகளுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. விற்பனைக்காக ஈனவைக்கும் தனிநபருக்கும் விதி ஒன்றுதான், மொட்டைமாடியில் வைத்திருந்தாலும்கூட.

ஆக, ‘35 நாள்’ என்று போட்டு விற்பனைக்கு அழைக்கும் விளம்பரம் தன் விதிமீறலைத் தானே அச்சடித்துக் காட்டுகிறது. ‘கேசிஐ பேப்பர் இருக்கு’ என்பதைப் பலர் அரசு அனுமதி என்று எண்ணிக்கொள்கிறார்கள். கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தரும் அந்தச் சான்றிதழ் குட்டியின் வம்சாவளிப் பதிவு. வாரியத்தின் பதிவு வேறு, அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

2024-ல் தமிழ்நாடு அரசு தனக்கென ஒரு நாய் இனப்பெருக்கக் கொள்கையையும் வெளியிட்டது. ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்ற குளிர்நாட்டு இனங்களையும், மூச்சுத்திணறும் பக், பிரெஞ்ச் புல்டாக் போன்றவற்றையும் இங்கே இனம்பெருக்கக் கூடாது என்றது அது. கென்னல் கிளப் அதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

விதிகள் இருந்தும் விளம்பரங்கள் குறையாததற்குத் தண்டனையின் அளவும் ஒரு காரணம். 1960-ல் எழுதிய சட்டத்தில், விலங்கை வதைக்கும் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். அன்றைக்கு அது ஒரு தொகை. ஒரு குட்டியைப் பத்தாயிரத்துக்கு விற்கிறவருக்கு அது டீச் செலவு.

லூசியின் பெயரில் ஒரு சட்டம்

விளம்பரத்தை முறைப்படுத்தினால் இந்த வியாபாரத்தை நெருக்க முடியும் என்பதற்கு இங்கிலாந்து நல்ல எடுத்துக்காட்டு. 2013-ல் வேல்ஸில் ஒரு குட்டிப் பண்ணையிலிருந்து கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் இனத்துப் பெண் நாய் ஒன்று மீட்கப்பட்டது. கூண்டுக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் ஈன்று ஈன்று அதன் முதுகெலும்பு வளைந்திருந்தது. மேலெல்லாம் முடி கொட்டியிருந்தது. வலிப்பும் இருந்தது. லூசி என்று பெயரிட்டு வளர்த்தார்கள். 2016 டிசம்பரில் அது இறந்தது. கால்நடை மருத்துவர் மார்க் ஆப்ரஹாம் அந்தப் பெயரிலேயே இயக்கம் நடத்தினார். 2020 ஏப்ரல் 6 முதல் ‘லூசி சட்டம்’ நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதத்துக்குக் குறைந்த நாய், பூனைக் குட்டிகளை இடைத்தரகர் விற்கவே கூடாது. நேரே ஈனவைத்தவரிடமோ காப்பகத்திடமோதான் வாங்க வேண்டும். குட்டியை அது பிறந்த இடத்தில், தாயோடு சேர்த்துக் காட்ட வேண்டும்.

அதற்கு முன்பே, 2018 அக்டோபரில், அங்கே விளம்பரத்துக்கும் விதி வந்துவிட்டது. உரிமம் பெற்றவர் விளம்பரம் கொடுத்தால் உரிம எண், உரிமம் வழங்கிய உள்ளாட்சியின் பெயர், அடையாளம் தெரியும்படியான படம், வயது, குட்டி எந்த நாட்டில் பிறந்தது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். எண் இல்லாத விளம்பரத்தைப் பார்ப்பவர் சந்தேகப்படப் பழகிக்கொள்கிறார். மோசடி அங்கே ஒழிந்துவிடவில்லை. கடன் வாங்கிய தாய் நாயைப் பக்கத்தில் படுக்கவைத்து ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கேள்வி கேட்க வாங்குபவர் கையில் ஒரு சட்டம் இருக்கிறது.

பிரான்ஸ் 2021-ல் சட்டம் போட்டு, 2024 ஜனவரி முதல் செல்லப்பிராணிக் கடைகளில் நாய், பூனை விற்பதை நிறுத்தியது. வாங்க விரும்புகிறவர் பொறுப்பேற்புச் சான்றில் கையெழுத்திட்டு ஏழு நாள் காத்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆசை தணிய அந்த ஒரு வாரம் போதும் பலருக்கு.

இணைய நிறுவனங்கள் சிலவற்றுக்கும் இதில் விதி உண்டு. அமெரிக்காவின் கிரெய்க்ஸ்லிஸ்ட் தளத்தில் செல்லப்பிராணி விற்பனைக்கு இடமில்லை. சிறு தத்துக் கட்டணத்தோடு வேறு வீடு தேடலாம், அவ்வளவுதான். ஃபேஸ்புக்கிலும் தனிநபர்கள் விலங்குகளை விற்கத் தடை இருக்கிறது. அதனால்தான் அங்கே விலை போடாமல் ‘இன்பாக்ஸ் வாங்க’ என்று எழுதுகிறார்கள்.

விளம்பரம் கண்ணில் பட்டால்

முதல் வேலை, அந்தப் பதிவைத் தளத்திடம் புகார் செய்வது. ‘ரிப்போர்ட்’ பொத்தானை அழுத்தி, விலங்கு விற்பனை என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஒருவர் செய்தால் கவனிக்கப்படாமல் போகலாம். குடியிருப்புக் குழுவில் பத்துப் பேர் செய்தால் பதிவு நீங்கும் வாய்ப்பு கூடும். வயது எட்டு வாரத்துக்குக் குறைவு என்று விளம்பரமே சொன்னால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, மாநில விலங்குகள் நல வாரியத்துக்கும் மாவட்ட விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்துக்கும் எழுதலாம். கிளியும் நட்சத்திர ஆமையும் விற்பனைக்கு வந்திருந்தால் அது 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், வனத்துறைக்கே நேராகச் சொல்லலாம்.

விற்பவரைத் திட்டுவதால் பலன் இல்லை. அவர் எண்ணை மாற்றிக்கொண்டு வேறு குழுவுக்குப் போய்விடுவார். அக்கம்பக்கத்தில் தெரிந்தவராக இருந்தால், கருத்தடை பற்றிப் பேசிப் பார்ப்பது நல்லது. ‘ஒரு தடவையாவது’ என்று சொன்னவரின் பேச்சைவிட ஒரு மருத்துவரின் பேச்சு எடுபடும். 1903-ல் தொடங்கி, இப்போது சென்னை வேப்பேரியில் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு ஒரு நடை கூட்டிப்போனாலே பாதி வேலை முடியும்.

கஷ்டமான இடம் ஒன்று உண்டு. நோஞ்சான் குட்டியைப் பார்த்ததும் ‘பாவம், நாமாவது வாங்கிக் காப்பாற்றுவோம்’ என்று தோன்றும். அந்த இரக்கம் பொய்யில்லை. ஆனால் கொடுத்த பணம் அதே பெண் நாயை அடுத்த ஹீட்டில் மறுபடி கிராஸுக்கு அனுப்பும். அந்தக் குட்டிக்கு உதவ வழி, புகார் கொடுத்து அதிகாரிகளை வரவழைப்பதுதான். நாய் வேண்டும் என்கிறவர்களுக்கு, 1959 முதல் சென்னையில் இயங்கும் புளூ கிராஸ் போன்ற காப்பகங்களில் குட்டிகள் காத்திருக்கின்றன. அங்கே நாட்டுக் குட்டிகளோடு, ஆசை தீர்ந்தபின் தெருவில் விடப்பட்ட லாப்ரடாரும் பொமரேனியனும் வருவதுண்டு. ஈன்று களைத்து, இனிப் பயன்படாது என்று கழித்துக்கட்டப்பட்ட தாய்களும் அவற்றில் இருக்கும்.

இனக்குட்டிதான் வேண்டும் என்பவர் கேட்க வேண்டியது இரண்டே வரி: ‘வாரியப் பதிவு எண் அனுப்புங்க. குட்டிங்க தாய்கிட்ட பால் குடிக்கிற மாதிரி ஒரு வீடியோ அனுப்புங்க, நாங்க வீட்டுக்கே வந்து பார்க்கிறோம்.’ முறையாக வளர்க்கிறவர் இதைக் கேட்டால் மகிழ்வார், அவரே பதிலுக்குப் பத்துக் கேள்வி கேட்பார்: வீட்டில் யார் யார், பகலில் நாயோடு யார் இருப்பார்கள், மொட்டைமாடியில் கட்டிவைப்பீர்களா என்று. மற்றவர்களிடமிருந்து வரும் பதில்கள் வேறுமாதிரி இருக்கும். ‘தாய் கிராமத்துல இருக்கு சார்.’ ‘பஸ் ஸ்டாண்டு வந்துடுங்க, நானே கொண்டாந்து தரேன்.’ ‘இப்ப அட்வான்ஸ் போட்டா ஆயிரம் குறைச்சுக்கலாம்.’ சிலர் பதிலே போட மாட்டார்கள். செய்தி படிக்கப்பட்டதற்கு அடையாளமாக இரண்டு நீல டிக் மட்டும் நிற்கும். மறுநாள் காலை அதே பூப்போட்ட விரிப்பு, அதே ஆறு குட்டிகள், வேறொரு எண்ணோடு மறுபடி வரும். விலை ஆயிரம் குறைந்திருக்கும். ரிப்போர்ட் பொத்தான் அந்தப் பதிவிலும் அதே மூலையில் இருக்கும்.